மச்சம்: உண்டு

மூன்றாவது தடவையும் இயந்திரம் அவனை இல்லை என்றது.

"அறுபத்தொண்ணு," என்றேன். "போன வாரம் வந்த அதே அறுபத்தொண்ணுதான், தம்பி."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற அகிலனுக்கு இருபத்தைந்து வயது. ஈரோட்டில் ஒரு காப்பகத்தில் வளர்ந்தவன். இப்போது அங்கேயே லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். ஒவ்வொரு தடவையும் தஞ்சாவூர் வரைக்கும் பஸ்ஸில் வந்து, எங்கள் ஆபீஸ் வாசல் குழாயில் சோப்புப் போட்டு முகம் கழுவிவிட்டுத்தான் கேமரா முன்னால் உட்காருவான். முகம் பளிச்சென்று இருந்தால் மார்க் கூடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எவ்வளவு வரணும் மேடம்?"

"தொண்ணூறு வந்தா ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவாங்க. தொண்ணூத்தேழு வந்தா அதுவும் வேண்டாம், நேரா சான்றிதழ்தான்."

"அறுபத்தொண்ணு வந்தா?"

"வீட்டுக்குப் போகச் சொல்வாங்க."

"வீடு எதுன்னு கேட்டுத்தானே மேடம் வந்திருக்கேன்."

கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நாலு வார்த்தை கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். அவன் காப்பகப் பதிவேட்டின் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த திங்கள்கிழமை வரலாமா என்று கேட்டுவிட்டுப் போனான்.

என் பெயர் தையல்நாயகி. ஆபீசில் தையல் மேடம். இந்த முகத் துலக்க மையத்தில் பதினோரு வருஷமாக ஆப்பரேட்டர். அதற்கு முன்னால் பதினாறு வருஷம் கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் ஆல்பம் வேலை. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, எல்லாம் என் கையில்தான் வெளுத்துச் சிவந்து அழகாகும். அந்தக் காலத்தில் படத்தைக் கூர்மையாக்குவது என்றால் என்ன? கோட்டுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் கருப்பைக் கூட்டி, அந்தப் பக்கம் கொஞ்சம் வெளுப்பைக் கூட்டி, பார்க்கிறவர்களை ஏமாற்றுவது. கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டால் மாப்பிள்ளை முகம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிடும், வீட்டார் சண்டைக்கு வருவார்கள். ஆனால் படத்தில் இல்லாத ஒன்றை நாங்கள் கொண்டுவந்ததில்லை. எங்களுக்கு அது தெரியவும் தெரியாது.

துலக்கிக்குத் தெரியும். இங்கே இருக்கும் மென்பொருளின் பெயர் அது. எட்டுக் கோடிப் பேரின் அடையாள அட்டைப் படங்களைக் காட்டிக் காட்டி அதைப் பழக்கியிருக்கிறார்கள். மங்கலான ஒரு முகத்தைக் கொடுத்தால், இந்த மங்கலுக்குள் எப்படிப்பட்ட முகம் இருந்தால் நியாயமாக இருக்கும் என்று யோசித்து, அப்படி ஒரு முகத்தைப் போட்டுக் கொடுக்கும். குழந்தைப் படமாக இருந்தால் இருபது, இருபத்தைந்து வயது கூட்டியும் காட்டும். பார்க்க அத்தனை அழகு. இமை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். அந்த முடி நிஜமா என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் எங்கள் அதிகாரி சஞ்சீவ் சாருக்கு முகம் சுருங்கிவிடும்.

இதில் ஒரு கூத்து வேறு. துலக்கிய படத்துக்கு ஆப்பரேட்டர் "சரி" என்று அழுத்திவிட்டால், பழைய மங்கல் படம் ஊரெல்லாம் அழிந்துபோகும். போனில் இருந்தாலும், கணினியில் இருந்தாலும், மச்சினி அனுப்பிய குடும்பக் குழுவில் இருந்தாலும், எல்லா இடத்திலும் புதுப் படம்தான் உட்காரும். ஒரே ஆளுக்கு இரண்டு முகம் இருந்தால் மோசடிக்கு வழியாகுமாம். அதனால் ஒரு ஆளுக்கு ஒரு முகம். சட்டம்.

அகிலன் கேட்டு வந்தது சுகந்தியின் ஃபைல்.

சுகந்தி பாபநாசத்தில் டீக்கடைகளுக்கு வடை போட்டுக் கொடுக்கிறவர். இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால், மாசி மகத்தன்று, கும்பகோணம் மகாமகக் குளக்கரைக் கூட்டத்தில் ஒன்றரை வயதுப் பிள்ளையைத் தொலைத்தவர். தருண் என்று பெயர். கையிலிருந்த பையும் பைக்குள் இருந்த போனும் பிள்ளையோடு சேர்ந்து போய்விட்டன. மிஞ்சியது அன்று காலை மச்சினி தன் போனில் எடுத்த ஒரே ஒரு படம். பிள்ளை ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தது. தலை எது, கை எது என்றே தெரியாது. எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தப் படம் என் மேஜைக்கு வந்தது, துலக்கிக்குப் போனது, சிவப்புச் சட்டை போட்ட ஒரு தங்கக்கட்டியாக வெளியே வந்தது. இடது கன்னத்தில் ஒரு மச்சம்.

வயது கூட்டித் தேடியபோது கரூர் காப்பகத்தில் வளர்ந்த ஜோயல் என்ற பையன் கிடைத்தான். அதே இடத்தில் அதே மச்சம். தொண்ணூற்றெட்டுப் புள்ளி நாலு. சான்றிதழ் கொடுத்தோம். மந்திரி வந்து இருவருக்கும் சால்வை போட்டார். அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் அகிலன் வந்தான். அவனுடைய பதிவேட்டில் இப்படி எழுதியிருந்தது: மாசி மகத்துக்கு மறுநாள், கும்பகோணம் வழியாக வந்த ரயிலில், ஈரோட்டில் கண்டெடுத்த ஆண் குழந்தை. வயது சுமார் ஒன்றரை. சிவப்புச் சட்டை.

அவன் போன பிறகு, எதற்கு அறுபத்தொன்று என்று உள்ளே போய்ப் பார்த்தேன். முகவெட்டு பரவாயில்லை, காது பரவாயில்லை. "அடையாளக் குறி பொருந்தவில்லை" என்று சிவப்பில் நின்றது. மச்சம் இல்லை என்பதற்காக ஒரே வெட்டாக வெட்டியிருக்கிறது.

தருணின் படத்தைப் பெரிதாக்கினேன். மச்சம் கன்னத்தின் நடுவே, காசு வைத்து வரைந்த மாதிரி வட்டமாக இருந்தது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அவ்வளவு பெரிய மச்சமா?

பதினாறு வருஷம் குழந்தைப் படம் பார்த்தவள் நான். மாசி மகக் கூட்டத்துக்கு அழகான ஆண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற எந்த அம்மா கன்னத்தில் பொட்டு வைக்காமல் போவாள்? அது திருஷ்டிப் பொட்டு. ஓடிய ஓட்டத்தில் கலங்கிப்போன கருப்பை, துலக்கி தனக்குத் தெரிந்த ஒன்றாக மாற்றி உட்காரவைத்துவிட்டது. அன்றைக்குத் திரையில் "மச்சம்: உண்டு / இல்லை" என்று கேட்டிருக்கும். உண்டு என்பதில் அதுவே டிக் போட்டு வைத்திருக்கும். ஒரு நாளைக்கு எண்பது படம். நான் "சரி" என்று தட்டிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நேரே சஞ்சீவ் சார் அறைக்குப் போனேன்.

"சார், சுகந்தி ஃபைல்ல இருக்கறது மச்சம் இல்ல. திருஷ்டிப் பொட்டு."

அவர் முப்பத்தோரு வயசுப் பையன். பாவம், என்னைப் போல ஆட்களை மேய்ப்பது லேசில்லை. "துலக்கி ஒரு கோடிக் குழந்தைகளைப் பார்த்திருக்கு, தையல் மேடம். அதுக்குத் தெரியாதா?"

"தெரியாது சார். அதுக்குக் காட்டினதெல்லாம் அடையாள அட்டைப் படம். அட்டைக்குப் படம் எடுக்கறப்போ முதல் வேலையா பொட்டைத் துடைச்சுடுங்கன்னுதானே சொல்வாங்க? அது பொறந்ததுலேருந்து ஒரு திருஷ்டிப் பொட்டைக்கூடப் பார்த்திருக்காது. கன்னத்துல கருப்பா இருந்தா மச்சம், அவ்வளவுதான் அதோட அறிவு."

அவர் தன் கன்னத்தை ஒரு தடவை தடவிக்கொண்டார். அவர் கன்னத்திலும் அவர் அம்மா ஒரு காலத்தில் வைத்திருப்பாள்தானே.

"பழைய படத்தைக் காட்டுங்க."

"அதைத்தான் சட்டம் போட்டு அழிச்சாச்சே."

"நீங்க சரின்னு அழுத்தினதால அழிஞ்சது."

"ஆமாம் சார். தப்பு என்னுதுதான். எழுதிக் கொடுக்கறேன், ஃபைலைத் திறங்க."

"மேடம்," என்று குரலைத் தணித்தார். "கன்னத்துல மச்சம்னு பார்த்து நம்ம கொடுத்த சான்றிதழ் மட்டும் நானூறு இருக்கும். ஒண்ணைத் திறந்தா நானூறையும் திறக்கணும்."

"அப்போ நானூறும் தப்பா இருக்கலாம்ல."

"அதனாலதான் சொல்றேன், போய் உங்க சீட்ல உட்காருங்க."

"ரத்தப் பரிசோதனையாவது செய்யலாம்ல சார்? ஒரு சொட்டு ரத்தம், மூணு நாள். முடிஞ்சுபோற விஷயம்."

"மூடின ஃபைலுக்கு ரத்தம் எடுக்கணும்னா ரெண்டே வழி. ஒண்ணு, அந்தம்மா சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். இல்ல, ரெண்டாவதா ஒரு ஆளுக்குத் தொண்ணூறுக்கு மேல வரணும். அறுபத்தொண்ணை வச்சுக்கிட்டு என்னைக் கரைக்காதீங்க."

சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை மத்தியானம் பாபநாசம் போனேன். சுகந்தி இருப்பது அரசுக் குடியிருப்பு, மூன்றாவது பிளாக். வெளி கேட்டில் கேமரா இருக்கும். பதிவு செய்த குடும்பத்தாரின் முகத்துக்குத்தான் அது திறக்கும். போன் செய்ததும் ஜோயல்தான் இறங்கி வந்தான். கேட் அவன் முகத்தைப் பார்த்ததும் வாய் திறந்தது.

"உங்களை அம்மா தினம் ஒரு தடவையாவது சொல்லிடுவாங்க மேடம்," என்றான். லிஃப்ட் சர்வீஸ் வேலை. நெடுநெடுவென்று வளர்த்தி, சிரித்தால் அந்த மச்சம் மேலே ஏறி இறங்கும். "இந்த கேட்டு எனக்காகத் தொறக்கறப்போ எல்லாம் உங்களை நினைச்சுக்குவேன்." எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மேலே சுகந்தி அடுப்படியில் நின்றிருந்தார். ஐம்பத்தொரு வயது, கையெல்லாம் வடைமாவு. போட்டு முடித்த வடையை அடுக்குப் பாத்திரத்தில் அள்ளி ஜோயலிடம் கொடுத்து, "ஸ்டேஷன் கடைக்கு நாப்பது, பாலத்துக் கடைக்கு முப்பது, வழியில எதையும் வாயில போட்டுக்காத," என்றார். அவன் அவர் எதிரிலேயே ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு போனான். எனக்கும் ஒரு தட்டில் இரண்டு வந்தது.

நான் சுற்றி வளைக்கவில்லை. "சுகந்தியம்மா, படத்துல இருக்கறது மச்சம் இல்ல. திருஷ்டிப் பொட்டு. நான் பார்க்காம அழுத்திட்டேன்."

அவர் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடியே, "தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு மை டப்பா எங்கயோ போச்சு. சட்டி அடிக் கரியைத் தொட்டு நான்தான் வச்சேன். நான் வச்ச பொட்டு எனக்குத் தெரியாதா மேடம்?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "தெரிஞ்சுக்கிட்டா சால்வை போட்டுக்கிட்டீங்க? தெரிஞ்சுக்கிட்டா ரத்தப் பரிசோதனைகூடக் கேக்காம சான்றிதழை வாங்கிக்கிட்டீங்க?"

"உங்க ஆபீஸ்ல அவனை உள்ள கூட்டிட்டு வந்தப்போ அவன் என்னைப் பார்க்கவே இல்ல மேடம். தரையைப் பார்த்துக்கிட்டு நின்னான். இவங்களும் இல்லைன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயந்துபோய் நின்னான். நான் எப்படி இல்லைன்னு சொல்வேன்?" அடுப்பைத் தணித்தார். "என் பிள்ளை எங்கேயோ யாரையோ அம்மான்னு கூப்பிட்டுக்கிட்டு நல்லா இருப்பான்னு நினைச்சுத்தான் இத்தனை வருஷம் உசுரை வச்சிருந்தேன். அப்படி ஒருத்தி அவனைச் சேர்த்திருப்பான்னா, நானும் ஒருத்தனைச் சேர்த்துக்கறதுதானே நியாயம்?"

"உங்க பிள்ளை கிடைச்சுட்டான்," என்றேன்.

அகிலனைப் பற்றிச் சொன்னேன். ரயில், மறுநாள், காப்பகம், வெல்டிங், ஒவ்வொரு வாரமும் குழாயடியில் முகம் கழுவுவது. சுகந்தி நின்ற இடத்திலேயே அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டார். சட்டியில் இருந்த வடை கருகியது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"நிச்சயமா அவன்தானா?"

"சந்தேகமே இல்ல."

இதை நான் சொன்னேன். என் வாயால், அவர் வடையைத் தின்றுகொண்டே சொன்னேன்.

"அப்போ இவன் என்ன ஆவான்?"

"சான்றிதழ் ரத்தாகும்."

"இந்த வீட்டுல இருக்கலாம்ல?"

குடும்பம் இல்லாத முகத்துக்கு அந்த கேட் திறக்காது என்பது என்னைவிட அவருக்குத் தெரியும்.

"வேண்டாம் மேடம்," என்றார் கடைசியில். "நீங்க வரவே இல்ல, எங்கிட்ட எதுவுமே சொல்லலைன்னு வச்சுக்கறேன்."

செருப்பு மாட்டும்போது பின்னாலிருந்து கேட்டார். "அந்தப் பையன் வெல்டிங் பண்றப்போ கண்ணுக்குக் கண்ணாடி போடுவானா?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அந்தக் கேள்விதான் மண்டைக்குள் ஓடியது. கேட்டாளா இல்லையா? கேட்டாள். வேண்டாம் என்று சொன்னது வாய், கேட்டது வயிறு. அப்படித்தான் நான் முடிவுகட்டிக்கொண்டேன். இன்னொருத்தி மனசில் என்ன இருக்கிறது என்று எனக்கு அத்தனை துல்லியமாகத் தெரிந்துவிட்டதாம்.

திங்கள்கிழமை அகிலன் வந்தான். நாலாவது தடவை. சஞ்சீவ் சார் மீட்டிங்குக்குப் போயிருந்தார். அவனை உள்ளே கூப்பிட்டு கேமரா முன்னால் உட்காரவைத்து, என் கைப்பையிலிருந்து மை டப்பாவை எடுத்தேன்.

"என்ன மேடம் இது?"

"திருஷ்டிப் பொட்டு வைக்கறேன். அசையாம உட்காரு."

மோதிர விரலால் தொட்டு, இடது கன்னத்தின் நடுவில், தருண் படத்தில் எங்கே இருந்ததோ அங்கே வைத்தேன். துலக்கி ஒரு தடவை பொட்டை மச்சம் என்றது. இன்னொரு தடவையும் சொல்லட்டுமே. அகிலன் விரலைக் கொண்டுபோய்த் தொடப் பார்த்தான், தட்டிவிட்டேன்.

"காப்பகத்துல யாருக்கும் இதெல்லாம் வைக்க மாட்டாங்க, அக்கா," என்றான். மேடம் அக்காவானதை அவனே கவனித்த மாதிரி தெரியவில்லை.

தொண்ணூற்று மூன்று.

பதினோரு வருஷமாக எனக்குப் பாடம் நடத்தின அந்த இயந்திரத்தை ஒரு துளி மையை வைத்துக் கவிழ்த்துவிட்டேன் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். சஞ்சீவ் சார் வந்து எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அகிலன் துடைத்துக்கொண்ட கன்னத்தைப் பார்த்தார். விதி அவர் கையைக் கட்டிப்போட்டது. இரண்டாவது ஆள் தொண்ணூறைத் தாண்டிவிட்டான். மூன்று பேருக்கும் ரத்தப் பரிசோதனை கட்டாயம். சுகந்தியின் சம்மதம் தேவையில்லை.

ரத்தம் எடுக்க மூன்று பேரும் வந்தார்கள். ஜோயல் எதுவும் தெரியாமல், "இதெல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம்தானே மேடம்?" என்று சட்டைக் கையை மடித்தான். அகிலன் தள்ளி நின்று சுகந்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கிட்டே போகவில்லை. சுகந்தி யாரையும் பார்க்கவில்லை. என்னை முக்கியமாகப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு முடிவு வந்தது. சஞ்சீவ் சார் தாளோடு என் மேஜைக்கு வந்தார். அவர் அப்படி எழுந்து வந்ததே கிடையாது.

"ரெண்டு பேருமே இல்ல, மேடம்."

"ஜோயல் இல்லைன்னு எனக்குத் தெரியும் சார். அகிலன்?"

"ரெண்டு பேருமே இல்லைன்னுதான் சொல்றேன். அந்தம்மாவுக்கும் இவனுக்கும் ஒட்டு உறவே கிடையாது. உங்க அறுபத்தொண்ணு சரியாத்தான் சொல்லியிருக்கு."

தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். எழுத்துத் தப்பா, ஆள் மாறிவிட்டதா என்று லேபுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். அங்கே இருந்த பெண் பொறுமையாக மூன்று தடவை அதையே சொன்னாள். நான் போனை வைப்பதற்குள் திரையில் சான்றிதழ் ரத்து என்று வந்துவிட்டது. அதையெல்லாம் துலக்கி யாரையும் கேட்காமல் தானே செய்துகொள்ளும்.

மறுநாள் காலை சுகந்தி வந்தார். வரிசையில் நிற்கவில்லை. கவுன்ட்டர் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே என் மேஜைக்கு வந்தார்.

"நேத்து சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்தான். கேட்டு தொறக்கல. கேமரா ரிப்பேருன்னு நினைச்சுக் கைக்குட்டையால துடைச்சிருக்கான். துடைச்சுத் துடைச்சுப் பார்த்திருக்கான். நான் இறங்கிப் போய்ச் சொன்னேன்."

நான் எழுந்து நின்றேன்.

"எதை வச்சு மேடம் அந்தப் பையனை என் பிள்ளைன்னீங்க?"

"ரயில், தேதி, அப்புறம் சட்டை. சிவப்புச் சட்டைன்னு பதிவேட்டுல இருந்தது. படத்துலயும்..."

"தருணுக்கு நான் சிவப்புச் சட்டை போட்டுவிட்டேன்னு யார் சொன்னா? மஞ்ச சட்டை. எந் தம்பி எடுத்துக் கொடுத்தது. காலர்ல யானை போட்டிருக்கும்." அவர் குரல் ஏறவே இல்லை. "சிவப்பு உங்க மிஷின் போட்டது. என் வீட்டுக்கு வந்தீங்க, அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தீங்க. என்ன சட்டை போட்டிருந்தான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

கேட்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. நாலு பொருத்தத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை நானே நிரப்பியிருக்கிறேன். அதற்குப் பிறகு துலக்கியைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"மறுபடியும் போட்டுக் கொடுங்க," என்றார். "அதே படம். அதே மச்சம். நான் கையெழுத்துப் போடறேன்."

"முடியாதுங்க. ரத்தம் பார்த்ததுக்கப்புறம் படம் செல்லாது."

"தத்து எடுத்துக்கறேன்."

"பெரியவங்களைத் தத்தெடுக்கச் சட்டத்துல இடமில்ல. விசாரிச்சுட்டேன். நேத்தே விசாரிச்சேன்."

"அவன் என்ன கேட்டான் தெரியுமா? 'உங்களுக்கு முன்னாடியே தெரியுமா'ன்னு கேட்டான். தெரியும்னேன். 'அப்போ தெரிஞ்சேதான் என்னை வச்சுக்கிட்டீங்களா'ன்னு கேட்டான். ஆமான்னேன். அதுக்கப்புறம்தான் அழுதான். கரூருக்குப் போறானாம். ஞாயித்துக்கிழமை வந்து கேட்டுக்கு வெளியில நின்னு பார்த்துட்டுப் போறானாம்." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "என் பிள்ளையைத் தொலைச்சது நான். இவனைத் தொலைச்சது நீ."

நீங்கள் நீயானது எனக்கு வலிக்கவில்லை. இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் திரும்பி நடந்தார்.

வாசல் பெஞ்சில் அகிலன் உட்கார்ந்திருந்தான். முடிவு நகல் வாங்க வந்தவன். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். சுகந்தி வருவதைப் பார்த்து எழுந்து நின்றான். அவர் ஒரு நிமிஷம் அவன் முகத்தைப் பார்த்தார்.

"நீதானா?"

"ஆமாங்க. மன்னிச்சுக்குங்க."

"நீ என்ன பண்ணே," என்று சொல்லிவிட்டு அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

அவன் கவுன்ட்டருக்கு வந்தான். நகலைக் கொடுத்தேன். மடித்துப் பழைய நகலோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டான். போகாமல் நின்றான்.

"அக்கா, வேற யாருக்காவது பிள்ளை காணாமப் போயிருக்கான்னு பாருங்களேன். எந்த அடையாளமா இருந்தாலும் பரவாயில்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன்மேல் இல்லை. கும்பகோணம், மாசி மகம், அந்த வருஷம் என்று மட்டும் தட்டினேன். துலக்கி வழியாகப் போகாமல், பழைய போலீஸ் புகார்ப் பட்டியலில். முன்னால் நான் தேடியது துலக்கியில் இருந்த படங்களுக்குள் மட்டும்தான்.

ஐந்து பெயர்கள் வந்தன. ஒன்று சுகந்தி. மற்ற நாலும் பெண்கள்தான்: ஒருத்தி வலங்கைமான், ஒருத்தி திருவிடைமருதூர், இரண்டு பேர் வெளியூரிலிருந்து கரும்பு வெட்ட வந்தவர்கள். நாலு பேருக்கும் குழந்தையின் படம் என்ற கட்டத்தில் "இல்லை" என்று இருந்தது. படம் இல்லாததால் யாரும் அந்த ஃபைல்களை எங்கள் ஆபீசுக்கு அனுப்பவே இல்லை. இருபத்துநாலு வருஷமாக அவர்கள் பிள்ளைகளை யாரும் தேடவில்லை.

அகிலன் கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு திரையைப் படித்தான்.

"படம் இல்லைன்னா எப்படிக்கா கண்டுபிடிக்கிறது?"

"நேர்ல போய்க் கேக்கணும்," என்றேன்.

சஞ்சீவ் சாரிடம் லீவு கேட்டேன். எத்தனை நாள் என்றார், தெரியாது என்றேன். காகிதத்தில் நாலு விலாசத்தையும் எழுதும்போது மூன்றாவது பெயருக்குப் பக்கத்தில் கட்டம் ஒன்றைப் பார்த்தேன். புகார் கொடுத்தவர் இறந்துவிட்டார், தேதி போன வருஷம் ஐப்பசி. அந்தப் பெயரையும் எழுதிக்கொண்டேன். அகிலனிடம் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.